வேப் பழக்கத்தை அன்றாடம் பதிவு செய்வது எப்படி: நெல்லைப் பக்கம் களப்பணி தொடங்குபவர்களுக்கு

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலும் சமூகப்பணி, உளவியல், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டுக்கு இ-சிகரெட்டை, அதாவது வேப்பை, எடுக்கலாமா என்று கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எடுக்க வேண்டிய தலைப்புதான். ஆனால் பலர் பீடி, சிகரெட்டுக்கென்று எழுதிய பழைய கேள்வித்தாளை எடுத்து, 'சிகரெட்' இருந்த இடத்தில் 'வேப்' என்று மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தாளில் முதல் கேள்வியே 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்பதாக இருக்கும். வேலை அங்கேயே கெட்டுவிடும்.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பற்றவைத்தால் தீரும், தீர்ந்தால் கீழே போடுவோம். பீடியும் அப்படித்தான், காலையில் வாங்கிய கட்டில் எத்தனை மிச்சம் என்று பார்த்தாலே கணக்கு வந்துவிடும். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. பையிலிருந்து எடுத்து இரண்டு இழுப்பு இழுத்து உள்ளே போடுவார்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு இழுப்பு. படுக்கையில் போன் பார்த்துக்கொண்டே இழுப்பது யாருக்கும் நினைவில் நிற்காது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்பீங்க, தம்பி?"

"என்ன அண்ணாச்சி, அதைப் போயி எண்ணிக்கிட்டா இருப்பாவ? கையில இருந்தா இழுப்போம்லா."

இந்தப் பதில் உண்மையானது. அவர் எதையும் மறைக்கவில்லை. கேள்விதான் அவர் பழக்கத்துக்குப் பொருந்தவில்லை. அதனால், நடந்து பல நாள் கழித்துக் கேட்பதை விட்டுவிட்டு, நடக்கிற நேரத்திலேயே, நடக்கிற இடத்திலேயே சின்னச் சின்னதாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. எத்தனை என்பதைவிட, எங்கே, எப்போது, யாருடன் என்பதே இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் உண்மையான விஷயம்.

முதலில் சட்டம்

ஒருவரிடமும் பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைப்பதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இழுப்பதை நேராகத் தண்டிக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் கையில் வைத்திருப்பவரும் விசாரணைக்கு ஆளாகலாம்.

இதனால் நம் வேலையில் சில விஷயங்கள் முதல் நாளே தீர்மானமாகிவிடுகின்றன. எங்கே வாங்கினாய், யார் கொண்டுவந்து கொடுத்தார் என்று கேட்கவே கூடாது. அவராகச் சொன்னாலும் எழுதக் கூடாது. தீர்ந்துபோன வேப் கருவிகளைப் பங்கேற்பாளர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்து ஆராய்வது வெளிநாடுகளில் நடக்கிற முறை. இங்கே அதை நினைக்கவே வேண்டாம். உங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரு டப்பா நிறைய வேப் இருந்தால் அது ஆராய்ச்சிக்கு என்று யாரிடம் போய் விளக்குவீர்கள்? கருவியின் போட்டோவும் வேண்டாம். பின்னணியில் அறை தெரியும், ஆள் தெரியும்.

நம்மிடம் இருக்கும் தகவலை போலீஸ் கேட்டால் 'இது ரகசியம்' என்று மறுக்க நமக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆகவே பங்கேற்பாளரைக் காப்பாற்றும் ஒரே உறுதியான வழி, அவருக்குத் தீங்கு செய்யக்கூடிய தகவலை முதலிலேயே வாங்காமல் இருப்பதுதான்.

கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளைத்தான் குழு பார்க்கும். அதில் சம்மதம், ரகசியம் பற்றிய பகுதிகளைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதினால் பாதிக் கேள்விகள் வராது. புதிதாகத் தொடங்குபவர்கள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொட வேண்டாம். அவர்களைச் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பெற்றோரிடம் போய் "உங்கள் மகன் வேப் பற்றிய ஆய்வில் இருக்கிறான்" என்று சொன்ன நிமிடமே அந்தப் பையனை நாம் காட்டிக்கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம்.

ஒரு கேள்வியோடு இறங்குங்கள்

'நெல்லை இளைஞர்களிடையே இ-சிகரெட் பழக்கம்' என்று தலைப்பு வைத்தால் எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்றே தெரியாது. சின்னதாக ஒன்றைப் பிடியுங்கள். சிகரெட்டும் வேப்பும் இரண்டும் வைத்திருப்பவர் எந்த இடத்தில் எதை எடுக்கிறார்? வேப் வந்த பிறகு சிகரெட் குறைந்ததா, அல்லது சிகரெட் பிடிக்க முடியாத இடங்களுக்கு வேப் போய் உட்கார்ந்துகொண்டதா? பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஒரு வாரம் பெரியவர்களோடு இருக்கும்போது என்ன ஆகிறது?

எனக்குப் பிடித்தது இரண்டாவது கேள்வி. சிகரெட்டைக் காட்டிக்கொடுப்பது வாடைதான். வேப்பில் அந்த வாடை இல்லை. மாம்பழ மணமோ புதினா மணமோ கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். வீட்டுக்குள், பாத்ரூமில், வேலை இடத்து மாடிப்படியில் முன்பு நிகோட்டின் நுழைய முடியாத நேரங்கள் நிறைய இருந்தன. அந்த நேரங்கள் நிரம்பிவிட்டனவா என்று பார்ப்பது மருத்துவர்களுக்கும் பயன்படும், பழக்கத்தை விட நினைப்பவருக்கும் பயன்படும்.

ஆள் சேர்ப்பது

நோட்டீஸ் போர்டில் 'வேப் இழுப்பவர்கள் தேவை' என்று ஒட்ட முடியாது. நம்பிக்கையான ஒருவரிடம் தொடங்கி, அவர் வழியாக அடுத்தவர், அவர் வழியாக இன்னொருவர் என்றுதான் போக வேண்டும். இதில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: நண்பனின் நம்பரை அவரிடம் வாங்காதீர்கள். உங்கள் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். விருப்பம் இருந்தால் அந்த நண்பர் உங்களை அழைக்கட்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் ஆள் வருவார்கள். வருகிறவர்கள் கடைசிவரை இருப்பார்கள்.

ஆசிரியராக இருப்பவர் தன் வகுப்பு மாணவரைச் சேர்க்கக் கூடாது. இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். மறுக்கவும் பயப்படுவார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தையும் இங்கே அடக்க வேண்டும். இங்கே யாரைப் பார்த்தாலும் பேச்சு "எந்த ஊரு? யாரு வீட்டுப் பையன்?" என்றுதான் தொடங்கும். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் இந்த வேலையில் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் ஆள் யார் என்பது முழுக்கத் தெரிந்துவிடும். களக்காடோ முக்கூடலோ ஏதோ ஒரு ஊரைச் சொல்லி, அப்பா பெயரையும் சொல்லிவிட்டால், மாமன் மச்சான் என்று எங்காவது ஒரு தொடர்பு உங்களுக்கே இருக்கும். 'டவுனா, கிராமமா?' என்பதோடு நிறுத்துங்கள். சாதி கேட்பதும் வேண்டாம். உங்கள் கேள்விக்கு அது தேவைப்படவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எந்த எண் எந்த போன் நம்பருக்கு என்பது ஒரு தனி நோட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். லேப்டாப்பில் எண் மட்டும். எல்லாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தால் அந்த நொடியே ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரிந்துவிடும். வசதிக்காகக்கூட அதைச் செய்யாதீர்கள்.

பதிவு செய்யும் முறை

நடக்கிற நேரத்திலேயே கேட்டுப் பதிவு செய்யும் முறை புதியதல்ல. 1970-களிலேயே அமெரிக்காவில் பேஜரைக் கையில் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். ஆர்தர் ஸ்டோன், சால் ஷிஃப்மன் இருவரும் 1994-ல் இதற்கு 'ஈக்கலாஜிக்கல் மொமென்டரி அசெஸ்மென்ட்' என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக இ.எம்.ஏ. இன்று பேஜர் இருந்த இடத்தில் போன் இருக்கிறது.

காகித டைரி போதாதா என்று கேட்பீர்கள். 2002-ல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு டைரி கொடுத்து, குறித்த நேரங்களில் எழுதச் சொன்னார்கள். டைரியின் அட்டைக்குள் அது திறக்கப்படும் நேரத்தைக் குறிக்கும் ஒளி உணரி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். எழுதியவர்கள் கணக்குப்படி 90 சதவீதம் சரியான நேரத்தில் எழுதியாகிவிட்டது. உணரியின் கணக்குப்படி 11 சதவீதம்தான். மின்னணுக் கருவியில் பதிவு செய்தவர்கள் 94 சதவீதம் சரியாகச் செய்திருந்தார்கள்.

இங்கேயும் அதே கதைதான். ஏழு நாள் டைரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வு எழுத்தில், ஒரே அழுத்தத்தில் வந்தால், உங்களைப் பார்க்க வருகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது என்று புரிந்துகொள்ளுங்கள். ஆகவே போனில் செய்யுங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் தானாக விழும்படி செய்யுங்கள்.

மூன்று வகைப் பதிவு உண்டு; மூன்றையும் கலந்து வைப்பது நல்லது. காலையில் எழுந்ததும் ஒரு சின்னப் பதிவு: எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு? அடிமைத்தனத்தை அளக்க இதைவிட எளிதான கேள்வி கிடையாது. சிகரெட்டுக்கான ஃபேகர்ஸ்ட்ராம் அளவுகோலில் எழுந்த 5 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடத்துக்குள் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்கும் மேல் என்றால் 0. வேப்புக்கும் அதே இடைவெளிகளை வைத்துக் கேட்கலாம். இரண்டாவது, இழுக்கும்போது அவராகவே பதிவது. மூன்றாவது, அவர் எதிர்பாராத நேரத்தில் போனுக்கு நாம் அழைப்பு (பதில் கேட்கும் அறிவிப்பு) அனுப்பிக் கேட்பது.

இந்த மூன்றாவதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். "இழுக்காத நேரத்தில் கேட்டு என்ன பிரயோஜனம்?" என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் 20 தடவை வேப் இழுத்ததைப் பதிந்திருக்கிறார். அதில் 14 ஹாஸ்டல் அறையில், 4 மொட்டை மாடியில், 2 வேறு இடத்தில். அறைதான் அவரை இழுக்க வைக்கிறது என்று எழுதத் தோன்றும். இப்போது நாம் அனுப்பிய 30 எதிர்பாராத அழைப்புகளைப் பாருங்கள். 21 தடவை அவர் அறையில்தான் இருந்திருக்கிறார். 20-ல் 14 என்பதும் 30-ல் 21 என்பதும் ஒரே 70 சதவீதம். அவர் எப்போதும் அறையில்தான் இருக்கிறார், அவ்வளவுதான். மாடியில் இருந்தது 30 அழைப்பில் 1 தடவை மட்டும். ஆனால் இழுத்தது 20-ல் 4. மாடிக்கு அவர் வேப்புக்காகவே போகிறார். எதிர்பாராத அழைப்புகள் இல்லாமல் இது ஒருபோதும் தெரிந்திருக்காது.

ஒரு நாளைக்கு 5 அழைப்பு, 7 நாள் என்று தொடங்குங்கள். அவர் விழித்திருக்கும் நேரத்தை ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஏதோ ஒரு நேரத்தில் போகட்டும். தினமும் 11 மணி என்று ஒரே நேரம் வைத்தால் அவர் அதற்குத் தயாராகிவிடுவார். சனி, ஞாயிறு கட்டாயம் இருக்க வேண்டும். ஆனித் தேரோட்ட வாரமும் செமஸ்டர் வாரமும் சாதாரண வாரங்கள் கிடையாது. அவற்றைத் தவிருங்கள், அல்லது அதைப் பார்ப்பதற்கென்றே எடுங்கள். வண்டி ஓட்டும்போது அழைப்பு வந்தால் எடுக்கவே கூடாது என்று சம்மதப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதிவு செய்ய எதை வைப்பது? இலவசமாகத் தொடங்க கோபோ டூல்பாக்ஸ் என்ற கேள்விப்படிவச் செயலி போதும். நெட் இல்லாமலும் பதிவு சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். மாஞ்சோலை, பாபநாசம் மேல்பக்கம் போனால் அதன் அருமை தெரியும். நேரம் தவறாமல் அழைப்பும் அனுப்ப வேண்டும் என்றால் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உருவான எம்-பாத் செயலி இந்த முறைக்கென்றே செய்தது.

கேள்விகள்

ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் மூன்றாம் நாள் பதில் நின்றுவிடும். பேச்சுத் தமிழிலேயே வையுங்கள். கடைசியா இழுத்தது எப்போ? எது: வேப்பா, சிகரெட்டா, பீடியா, வேற எதுவுமா? எங்கே? யாரு கூட? அப்போ இழுக்கணும்னு எவ்வளவு தோணுச்சு, 0-லேர்ந்து 5 வரை? அந்த நேரம் சிகரெட் பிடிக்க முடிஞ்சிருக்குமா? கடைசிக் கேள்வியை எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் நம் கேள்விக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

'எங்கே' என்பதற்கான விடைகளை நம் ஊர் இடங்களாகவே கொடுங்கள். வீட்டுக்குள், மொட்டை மாடி, ஹாஸ்டல், டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், வண்டியில், வேலை இடம், ஆற்றங்கரை. 'பார், கிளப்' என்று வெளிநாட்டுத் தாளில் இருப்பதை அப்படியே வைத்தால் யாரும் தொட மாட்டார்கள்.

'ஒரு தடவை' என்றால் என்ன என்று முன்பே சொல்லிவிடுங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான இ-சிகரெட் அடிமைத்தன அளவுகோலில், சுமார் 15 இழுப்பு அல்லது சுமார் 10 நிமிடம் ஒரு தடவை என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு இழுப்போடு உள்ளே வைப்பவருக்கு அது பொருந்தாது. எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கிற வரை ஒரு தடவை. 10 நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி எடுத்தால் அடுத்த தடவை. இப்படி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எந்த விளக்கத்தை எடுத்தாலும் அறிக்கையில் எழுதுங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. 'இழுத்தேன்' என்று சொன்னால் ஐந்து கேள்வி, 'இல்லை' என்று சொன்னால் முடிந்தது என்று அமைத்தால், இரண்டே நாளில் எல்லாரும் 'இல்லை' சொல்லப் பழகிவிடுவார்கள். இல்லை என்பவருக்கும் அதே எண்ணிக்கையில் கேள்வி வையுங்கள்: இப்போ எங்கே, யாரு கூட, என்ன செய்துகிட்டு, தோணுச்சா. இழுக்காத நேரத்தைப் பற்றி நமக்குத் தேவையானதும் அதுதான்.

ஒரு நாள் எப்படித் தெரியும் என்று காட்ட, விளக்கத்துக்காக நானே அமைத்த ஒன்று. டவுனில் ஒரு கடையில் வேலை பார்க்கும் இளைஞர்.

காலை 6:50, வீடு, பாத்ரூம், தனியாக, வேப், ஆசை 4, சிகரெட் முடியாது.
காலை 8:15, டீக்கடை, நண்பர் இருவர், சிகரெட், ஆசை 2.
காலை 11:30, கடையின் மாடிப்படி, தனியாக, வேப், ஆசை 5, சிகரெட் முடியாது.
மதியம் 2:20, சாப்பிட்ட பிறகு வெளியே, உடன் வேலை பார்ப்பவர், சிகரெட், ஆசை 3.
இரவு 10:40, மொட்டை மாடி, தனியாக, வேப், ஆசை 2, சிகரெட் முடியாது.

ஆளோடு இருக்கும்போது சிகரெட், தனியாக இருக்கும்போது வேப். 'நாளைக்கு எத்தனை' என்று கேட்டிருந்தால் அவர் 'ரெண்டு சிகரெட்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

போன் யார் கையில் இருக்கிறது

வீட்டில் போன் மேசை மேல் கிடக்கும். தங்கை எடுப்பாள், அம்மா நேரம் பார்ப்பார். அப்போது திரையில் 'வேப் பதிவு செய்ய நேரமாகிவிட்டது' என்று அறிவிப்பு வந்து நின்றால் என்ன ஆகும்? அறிவிப்பில் 'உங்கள் இன்றைய கேள்வி' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. செயலியின் பெயரையும் ஐகானையும் பாருங்கள். சேர்க்கும் நாளிலேயே அவர் கண்முன் ஒரு சோதனை அறிவிப்பு அனுப்பி, பூட்டிய திரையில் என்ன தெரிகிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். நீங்கள் அழைக்கும் நேரத்தில் வேறு யாராவது எடுத்தால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடக் கூடாது, சந்தேகம் வரும். காலேஜ் சர்வே விஷயமாகக் கூப்பிட்டேன் என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

ரீசார்ஜ் தொகை கொடுப்பதாக இருந்தால், பதில் சொன்ன அழைப்புக்குக் கொடுங்கள். இழுத்த பதிவுக்குக் கொடுத்தால் நாமே இழுக்கச் சொல்வது போலாகிவிடும்.

கருவியில் எழுதியிருப்பது

தொடக்கத்தில் ஒரு தடவை வேப் கருவியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்: பாட் (திரவம் அடைத்த சின்னக் குப்பி) மாற்றுவதா, தீர்ந்தால் எறிவதா, எத்தனை மில்லி, நிகோட்டின் எவ்வளவு. 2 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் சுமார் 20 மில்லிகிராம். 5 சதவீதம் என்றால் சுமார் 50. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இங்கே வருவதெல்லாம் கள்ளத்தனமாக வருகிற சரக்கு. அட்டையில் இருப்பதை யாரும் சோதிப்பதில்லை. ஆகவே 'நிகோட்டின் 5 சதவீதம்' என்று எழுதாமல் 'அட்டையில் 5 சதவீதம் என்று இருந்தது' என்றே எழுதுங்கள்.

பெட்டியில் 5000 இழுப்பு, 10,000 இழுப்பு என்று போட்டிருப்பதை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். அது மெஷின் இழுப்பு. ஆய்வகங்களில் பொதுவாக 3 விநாடி இழுப்பு, 55 மில்லி கொள்ளளவு, 30 விநாடிக்கு ஒரு தடவை என்று வைத்து மெஷின் இழுக்கும். மனிதர்கள் ஒரே மாதிரி இழுப்பதில்லை. இதைவிட நம்பகமான கேள்வி, 'இதை எப்போ தொடங்கினீங்க, எப்போ தீர்ந்தது?' என்பது. கூடவே 'நீங்க மட்டுமா, பிரெண்ட்ஸும் இழுப்பாங்களா?' என்று கேட்க மறக்க வேண்டாம். ஒரு வேப் ஒரு ரூம் முழுக்கச் சுற்றி வரும்.

எச்சில் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை

சமுதாய மருத்துவத் துறையின் துணை இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். நிகோட்டின் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம். அதிலிருந்து உண்டாகும் கோட்டினினுக்குச் சுமார் 16 மணி நேரம். அதனால் எச்சிலிலும் சிறுநீரிலும் கோட்டினினைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அது பீடியிலிருந்து வந்ததா, வேப்பிலிருந்து வந்ததா, வாயில் போட்ட புகையிலையிலிருந்து வந்ததா என்று சொல்லாது. மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் மீட்டர், எரிந்த புகைக்கு ஏறும். வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் ஏறாது. கோட்டினின் அதிகம், மோனாக்சைடு குறைவு என்றால் வேப்பாகவோ மெல்லும் புகையிலையாகவோ இருக்கலாம்.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையும் தூளுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு, ஒரு பீடிகூடப் பிடிக்காவிட்டாலும் தூள் வழியாக நிகோட்டின் உடம்பில் ஏறும். வேறு ஊர் ஆய்வுகளின் எல்லைக்கோட்டு எண்ணை இங்கே அப்படியே வைத்தால், பீடி சுற்றும் பெண்ணைப் புகைப்பவர் கணக்கில் சேர்த்துவிடுவோம். வீட்டில் பீடி வேலை உண்டா என்ற கேள்வியைக் கட்டாயம் சேருங்கள்.

கிடைத்ததை வாசிப்பது

உடனே சராசரி போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில், காலை முதல் இரவு வரை ஒரு கோடு போட்டு, இழுத்த இடங்களில் புள்ளி வையுங்கள். வேப்புக்கு ஒரு நிறம், சிகரெட்டுக்கு ஒரு நிறம். ஏழு நாள் ஏழு கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

10 பேர், 7 நாள், நாளைக்கு 5 அழைப்பு என்றால் 350 அழைப்பு. அவை 350 பேர் அல்ல, 10 பேர்தான். ஒருவருடைய பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கும் பல அடுக்கு மாதிரிகள் உண்டு. புள்ளியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். விட்டுப்போன பதில்களையும் பாருங்கள். இரவு அழைப்புகள் மட்டும் தொடர்ந்து விட்டுப்போனால், இரவில்தான் ஏதோ நடக்கிறது.

அறிக்கையில் 'நெல்லை மாவட்டத்தில் இத்தனை சதவீதம் பேர் வேப் இழுக்கிறார்கள்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ஆள் வழியாக ஆள் பிடித்த ஆய்வுக்கு அதைச் சொல்லத் தகுதியில்லை. அதற்கு வேறு மாதிரி சர்வே வேண்டும். 2016-17-ல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை சர்வேயில் இந்தியாவில் 28.6 சதவீதம் பேர், தமிழ்நாட்டில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாக வந்தது. நாடு முழுக்கப் பார்த்தால், இ-சிகரெட் பற்றிக் கேள்விப்பட்டவர்களே அப்போது 3 சதவீதம்தான். தடைக்கு முந்தைய காலம் அது. இன்றைய ஹாஸ்டல் அறைக்கு அந்த எண்ணைப் பொருத்த முடியாது.

முடிக்கும் நாள்

தன் பழக்கத்தைத் தினமும் ஐந்து தடவை பார்க்கிற ஒருவருக்கு, 'இவ்வளவா இழுக்கிறோம்?' என்று தோன்றும். சிலர் விட உதவி கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்பே தயாராக இருங்கள். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356 கட்டணமில்லாதது. தமிழ்நாட்டில் 104-க்கும் பேசலாம். ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிகள் நேரத்தை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கூடவே போய் உட்காருங்கள். ஆய்வின் நடுவிலேயே ஒருவர் விட முயன்றால் அவர் பதிவு கெட்டுவிடுமே என்று யோசிக்காதீர்கள். அவர் விட முயன்றது பதிவில் வரட்டும். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்று யாராவது எழுதினால் அன்றே பேசி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 2019-ல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தோ இறந்தோ போனார்கள். அதில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாப்பொருள் கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் அதற்கு முக்கியக் காரணம். கள்ளச்சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று இழுப்பவருக்குத் தெரியாது.

கடைசிச் சந்திப்பில் அவருடைய ஏழு கோடுகளையும் அவரிடமே காட்டுங்கள். பெரும்பாலும் நம்மைவிட நன்றாக அவரே விளக்குவார்: "இந்த இடம் வீட்டுல சண்டை வந்த அன்னைக்கு அண்ணாச்சி." அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. தாளை அவர் கையோடு கொண்டுபோக விரும்பினால் பெயரோ எண்ணோ இல்லாத பிரதியைக் கொடுங்கள். அப்புறம், பதிவுகள் எல்லாம் சரிபார்த்து முடிந்ததும், குறியீட்டு எண்ணையும் போன் நம்பரையும் இணைத்து எழுதிய நோட்டை நெறிமுறைக் குழு சொன்ன தேதியில் அழித்துவிட்டு, உங்கள் போனிலிருந்தும் அந்த நம்பர்களை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பிய செய்திகள் இருந்தால் அவற்றையும், பேக்கப்பில் இருப்பதையும் சேர்த்து.